சாக்லேட்டுக்கு ஒரு ‘ங்க’

ஓய்வு பெற்ற மறுவருடம், தொண்ணூற்றிநாலில், போத்தனூர்ப் பக்கம் கையால் சாக்லேட் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றைப் பார்க்கப் போனேன். தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவன். தலையுறை, கையுறை, வருகைப் பதிவேடு எல்லாவற்றையும் கண் தானாகச் சரிபார்த்தது. குறையில்லை. வறுத்த கொக்கோவின் வாசனைதான் என்னை ஏழு வயதுக்குத் தள்ளியது.

அம்மா ஒரு பஞ்சாலை முதலாளியின் பங்களாவில் பாத்திரம் கழுவினாள். அவருடைய ஐந்து வயது மகன் சாக்லேட் தின்றுகொண்டிருந்தான்.

“எனக்கும் கொஞ்சம் குடு” என்றேன்.

அம்மா ஈரக்கையால் கன்னத்தில் அறைந்தாள். “குடுங்கன்னு கேளுடா. அவரு சின்ன முதலாளி.”

அப்படியே கேட்டேன்.

அவன் என் அம்மாவைப் பார்த்து, “ஏ ராமாயி, உம்பையனுக்கு இல்லைன்னு சொல்லு” என்றான்.

“சரிங்க சாமி” என்றாள் அம்மா. அறை மறந்துவிட்டது. அந்த ‘சரிங்க’ இன்னும் எரிகிறது.

இங்கே, இந்தத் தொழிற்சாலை முதலாளியின் பத்து வயதுப் பேத்தி, சாக்லேட்டுக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்த என் வயதுப் பெண்ணை ஏவினாள்.

“ஏ சரசா, இவருக்கு ஒண்ணு குடு.”

“சரிங்க அம்மணி.”

இதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், “வயசில பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவியா?” என்று அந்தப் பிள்ளையிடம் கத்திவிட்டேன்.

சரசா என்னை அவசரமாக ஓரத்துக்கு அழைத்துப்போனார்.

“ஏனுங்க, நீங்க பேசிப்போட்டுப் போயிருவீங்க. நான் நாளைக்கும் இங்கதானுங்க வரோணும்.”