புதன்கிழமை பன்னிரண்டரை மணி

திரைச்சீலை தைக்கும் அந்தப் பட்டறையில் அக்காவுக்கு வைத்திருந்த பெயர் சாமியாரம்மா. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதச் சபையின் மதிலுக்குள்ளிருந்து வெளியே வந்தவள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களும் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம். முதலாளியம்மா உள்ளே வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பாள். டீ வந்தால், எடுத்துக்கொள் என்று யாராவது சொல்கிறவரை கை நீட்ட மாட்டாள். துண்டு வாங்கக் கடைக்குப் போய், நீலமா பச்சையா என்று கேட்டதும் வெறுங்கையோடு திரும்பி வருகிற ஜென்மம். சபையில் உடுப்பை அளவு பார்த்துக் கொடுப்பார்கள், நிறம் ஒன்றுதான்.

தங்கை வெளியே வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதே மதில், அதே உடுப்பு, அதே அம்மா. ஆனால் அவளை யாராவது சாமியாரம்மா என்று கூப்பிட்டார்களா? வாயாடி என்று கூப்பிட்டார்கள். வந்த மாதமே முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டாள். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிற கட்டிங் மாஸ்டரிடமே போய், "மாஸ்டர், வயசானது கத்தரிக்கோலுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டு அவரைச் சிரிக்கவைத்தாள்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் நாலு நாள் கிடந்தவள் அவள். கடை கடையாக ஏறி வேலை கேட்டவள், வாடகைக்கு அறை பிடித்தவள், பஸ்ஸில் எந்தப் பக்கம் ஏறுவது என்பதைக்கூட நாலு பேரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவள். தங்கையோ நேராக வந்து விரித்துவைத்த படுக்கையில் படுத்தாள், அக்கா பிடித்துக்கொடுத்த வேலையில் உட்கார்ந்தாள். அதோடு விட்டாளா? "கொஞ்சம் சிரிக்கத்தான் சிரியேன்க்கா" என்று புத்தி வேறு சொன்னாள்.

அதையும் அக்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளால் பொறுக்க முடியாமல் போனது புதன்கிழமை போன்.

புதன்கிழமை பன்னிரண்டரை மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், தங்கையின் போன் அடிக்கும். டிபன் டப்பாவை அப்படியே போட்டுவிட்டுத் துணி மூட்டை அறைக்குள் ஓடுவாள். போன வேகத்தில் திரும்பி வருவாள், முகம் மட்டும் சிவந்திருக்கும். எவனோ ஒருத்தன் மாட்டிக்கொண்டான் என்று பட்டறையில் பேச்சு. அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு புதன்கிழமை நூல்கண்டு எடுக்கப் போனவள் கதவருகே நின்றாள். உள்ளே தங்கை, "அம்மா" என்றாள். அக்கா நூல்கண்டு எடுக்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

சபையில் இருப்பது ஒரே போன், அலுவலக அறையில். புதன்கிழமைகளில் அந்த அறையைப் பெருக்குவது அம்மா. வெளியே போனவர்களோடு ஒரு வருஷம்வரை பேசலாம், திரும்பி வா என்று கூப்பிடலாம். வருஷம் முடிந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். பிறகு பெற்றவளே ஆனாலும் அந்தப் பெயரை வாயால் சொல்லக் கூடாது, காதால் கேட்கக் கூடாது. அக்காவின் பெயரை எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. அவளுடைய முதல் வருஷத்தில் அம்மா கூப்பிடவே இல்லை. அப்போது அவளிடம் போனே இல்லையே, எங்கே கூப்பிடுவாள் என்று நாம் கேட்கலாம். பொறாமையிடம் போய் நியாயம் பேச முடியுமா?

மறுநாள் சாப்பாட்டு நேரம். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாயாடி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிக்க, அக்கா எழுந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"என் சகோதரியின் குறையை அன்போடு வைக்கிறேன்" என்றாள். "அவள் என்னிடம் ஒன்றை மறைத்தாள்."

சிரிப்பு நின்றுபோயிற்று. சபையில் தினமும் சாயங்காலம் நடப்பது இது. ஒருத்தி எழுந்து இன்னொருத்தியின் குறையை எல்லோர் முன்னாலும் வைப்பாள். குறைக்காரி எழுந்து தலைகுனிந்து ஏற்க வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது. பட்டறையில் இதையெல்லாம் யார் கண்டார்கள்?

"என்னம்மா கூத்து இது?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

வாயாடி அதற்குள் எழுந்துவிட்டாள். வாயில் போட்டதை இன்னும் விழுங்கவில்லை. தலை தானாகக் குனிந்தது, வெட்டிய முடி முகத்தில் விழுந்தது.

"ஏற்கிறேன்" என்றாள்.

அக்காவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. "ஐயோ, உக்காருடி" என்றாள். தங்கை உட்காரவில்லை. குறை வைத்தவள் மன்னித்தேன் என்று சொன்னால்தான் உட்காரலாம். செய்ததையும் செய்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தையையும் அக்காதான் சொல்ல வேண்டியிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் அவளைத் துணி மூட்டை அறைக்குள் இழுத்துப்போனாள். "எதுக்குடி மறைச்ச? அம்மா உன்கிட்ட மட்டும் பேசுவாங்களா?"

"பேசற லட்சணத்த நீயே வந்து கேளு" என்று கத்தினாள் தங்கை. "அடுத்த புதன்கிழமை வா. நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல."

அடுத்த புதன்கிழமை இரண்டு பேரும் மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். தங்கை போனை ஸ்பீக்கரில் போட்டாள். விளக்குமாறு தரையில் உரசும் சத்தம் முதலில் கேட்டது.

"சாப்பிட்டியாடி?" அதே குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது.

"சாப்பிட்டோம்மா. அக்காவும் நானும்."

போனை வைத்துவிட்டாள் அம்மா.

"ஒவ்வொரு வாரமும் இதே கதைதான்" என்றாள் தங்கை. "உன் பேச்ச எடுத்தா வச்சிடுவாங்க. நானும் விடாம எடுக்கறேன்."

எட்டு வருஷத்துக்கு அப்புறம் அக்கா கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் அம்மா தங்கையைப் பார்த்துக் கேட்டது. அந்த ஒரு வார்த்தைக்கும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

"இன்னும் ஆறு மாசம்தான் கூப்பிடுவாங்க" என்றாள். "அடுத்த வாரம் நான் சாப்பிட்டேன்னு மட்டும் சொல்லுடி. என்னச் சேக்காத. அம்மா பேசட்டும். நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கறேன்."

தங்கை போனை இடுப்பில் செருகிக்கொண்டு மிஷினுக்குப் போனாள்.

அடுத்த புதன்கிழமை பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியாடி?"

"ரெண்டு பேரும் சாப்பிட்டோம்மா" என்றாள் வாயாடி.

அக்காவுக்கு அவள் கழுத்தை நெரிக்கலாம்போல ஆத்திரம் வந்தது. எதிர்முனையில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. அக்கா மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். மூன்று எண்ணி முடித்த பிறகுதான் அம்மா போனை வைத்தாள். போன வாரம் ஒன்றுகூட எண்ண முடியவில்லை.