பேனாவால் போட்ட 2

அச்சடித்த தாளில் போய்க்கொண்டிருந்த கடிதத்தைத் திடீரென்று மெயிலில் அனுப்பச் சொன்ன காலத்தில் ஆபீஸ் வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் என் கூடப்பிறந்தவர்கள். லெட்டர்பேட் என்பது கம்பெனியின் முகம் என்பார்கள். அந்த முகத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகப் பட்ட பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பி.காம். முடித்த கையோடு பம்மலில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். வெல்டிங் வேலைக்கான தோல் கையுறை தைக்கிற இடம். மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். "பொண்ணு ஆபீஸ்ல வேலை பாக்குது" என்று செம்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க அப்பா சொல்லி முடித்திருந்தார். மூன்று மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அதே தெருவில் எப்படி நடப்பது? அந்தப் பயத்தோடுதான் தினமும் பஸ் ஏறினேன்.

ராசியில்லாத நாற்காலி

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. டிஸ்பாட்ச் பார்க்கும் வசந்தி அக்கா முதல் நாளே சொன்னது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் முரளி என்று ஒருவர் இருந்தாராம். ஹாலந்து வாடிக்கையாளருக்கு லெட்டர்பேட் இல்லாமல் வெறுமனே நாலு வரி மெயில் தட்டிவிட்டாராம். இது யாரோ போலி ஆள் என்று அவர்கள் ஆர்டரையே நிறுத்திவிட்டார்களாம். அன்று சாயங்காலமே முரளியை பாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

கேட்டதிலிருந்து எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாத. லெட்டர்பேட் இல்லாம மட்டும் ஒரு வரி கூட அனுப்பிடாத, அவ்ளோதான்."

ஒரு வார்த்தையின் எடை

அனுப்பவில்லை. லெட்டர்பேடை அப்படியே ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை எல்லா மெயிலிலும் தலையில் ஒட்டினேன். எங்களுக்கு இருந்தது டெலிபோன் லைனில் ஓடும் இன்டர்நெட். ஒரு மெயில் போய்ச் சேர்வதற்குள் மோடம் கத்தி ஓயும், லைன் இரண்டு தடவை அறுந்துபோகும்.

பள்ளிக்கரணையில் கிரில் பட்டறை வைத்திருக்கும் செல்வம் அண்ணன் பத்து ஜோடி கையுறை கேட்டு மெயில் போட்டிருந்தார். 'சரி' என்று பதில் எழுதி, மேலே முழு லெட்டர்பேடையும் வைத்து அனுப்பினேன். மறுநாள் அவர் போன் செய்தார்: "ஏம்மா, பிரவுசிங் சென்டர்ல உன் மெயில தொறந்து வுட்டு, டீ குடிச்சிட்டு வந்து பாக்கறேன், பாதிதான் வந்து கீது. கடசீல பாத்தா 'சரி'ன்னு ஒரு வார்த்தை. இத்த போன்லயே சொல்லக்கூடாதா?"

இரண்டு தலை

படம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வேர்டில் ஹெடர் என்று ஒன்று இருப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கம்பெனி பெயர், முகவரி எல்லாவற்றையும் அதில் அடித்து, திங்கட்கிழமை பெருமையோடு பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டரில் ஏற்கெனவே லெட்டர்பேட் தாள் இருந்தது. அதையும் யாரோ தலைகீழாக வைத்திருந்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

கம்பெனியின் பெயர் மேலே கறுப்பில் நேராகவும், கீழே பச்சையில் தலைகீழாகவும் வந்தது. கவனிக்காமல் கையெழுத்துக்கு வைத்துவிட்டேன். பாய் தாளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், மறுபடியும் சுற்றினார். "மேலயும் தலை, கீழயும் தலை. கால் எங்கம்மா வச்சே?"

வெட்டுப்பட்ட 786

இனி உள்ளூர்க் கடிதங்களுக்கு வெள்ளைத் தாளிலேயே தலைப்பையும் சேர்த்து அடித்துவிடலாம் என்று பாய் ஒத்துக்கொண்டார். அவருடைய லெட்டர்பேடில் எல்லாவற்றுக்கும் மேலே 786 இருக்கும். எங்கள் வீட்டில் மளிகை லிஸ்டுக்கே பிள்ளையார் சுழி போடுவோம். அதனால் அதன் அருமை எனக்குத் தெரியும். முதலில் அதைத்தான் அடித்தேன். ஸ்கிரீனில் அழகாக இருந்தது.

தாளின் மேல் விளிம்பில் பிரிண்டர் மை போடாது என்பது எனக்குத் தெரியாது. அத்தனை கடிதமும் 786 இல்லாமல் கையெழுத்துக்குப் போயின. பாய் திட்டவில்லை. பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "என் பேரு வேணா வெட்டுப்படட்டும்மா. இது வெட்டுப்படக் கூடாது." எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். மேலே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன். கடைசி வரை அந்தச் சீட்டை எடுக்கவில்லை.

ஊர் முழுக்கப் பேனா

சென்னை டெலிபோன் எண்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்த்தார்களே, நினைவிருக்கிறதா? எங்களிடம் பழைய எண் அச்சடித்த லெட்டர்பேட் ஒரு அலமாரி நிறைய இருந்தது. தூக்கிப்போட பாய்க்கு மனசில்லை. வேலையில்லாத நேரமெல்லாம் நானும் வசந்தி அக்காவும் ஒவ்வொரு தாளிலும் நீல மையில் 2 போட்டுக்கொண்டிருப்போம்.

என் மூன்றாவது மாதத்தில் ஹாலந்துக்காரர்கள், சரக்கு அனுப்பும் தேதியை உறுதிசெய்து லெட்டர்பேடில் கையெழுத்தோடு கடிதம் கேட்டார்கள். "வெளிநாட்டுக்கு அச்சடிச்ச பேடே போகட்டும்" என்றார் பாய். அடித்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்பினேன். பதில் வந்தது: கடிதத்தில் டெலிபோன் எண்ணைக் கையால் திருத்தியிருக்கிறது. எங்களிடம் இருக்கும் எண்ணுக்கு அடித்தால் போகவில்லை. விவரம் தெரியும் வரை ஆர்டர் நிறுத்தப்படுகிறது.

அந்த 2 என் கையெழுத்து. நாற்காலி என்னையும் தள்ளப் பார்க்கிறது என்று தோன்றியது. மறைத்துவிட்டு வேறொன்று அனுப்பலாம்தான். ஆனால் மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராகப் பாயிடம் போனேன். "பாய், தப்பு என்னோடது. ஒரு மணி நேரம் குடுங்க. அப்புறம் வெளிநாட்டுக்குப் பேச ஐ.எஸ்.டி. லாக்கைத் திறந்து விடுங்க, நானே பேசறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இங்கிலீஷ்ல பேசிடுவியா?" என்றார். "எழுதி வச்சுப் படிச்சிடுவேன் பாய்."

வேர்டில் இருந்த தலைப்பில் 786 விளிம்புக்குக் கீழே பத்திரமாக இருக்கிறதா, எட்டு இலக்கமும் அச்சில் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துப் புதுக் கடிதம் அனுப்பினேன். பாய் பக்கத்தில் நிற்க, போன் போட்டேன். எழுதி வைத்த தாளை முதல் வரியிலேயே கீழே வைத்துவிட்டேன். மனசிலிருந்துதான் சொன்னேன்: எங்கள் ஊரில் எல்லா எண்களுக்கும் முன்னால் ஒரு 2 வந்துவிட்டது, பழைய தாளில் நாங்கள்தான் எழுதிச் சேர்த்தோம், இனி எழுத மாட்டோம். அந்தப் பக்கம் போனை எடுத்திருந்த அம்மாள் சிரித்தபடி இங்கிலீஷில் கேட்டது இதுதான்: "அப்படியானால் உங்கள் ஊரே பேனாவோடு உட்கார்ந்திருக்கிறதா?"

ஆர்டர் திரும்பி வந்தது.

ஃபைலில் இருந்தது

மூன்று மாதம் முடிந்த அன்று என் நிரந்தர உத்தரவை என்னையே அடிக்கச் சொன்னார் பாய். புதுத் தலைப்பில் அடித்தேன். கையெழுத்து போட்டுவிட்டு, "இதுலயாவது கால் இருக்கா?" என்றார். நகலை ஊழியர் ஃபைலில் வைக்கப் போனபோது எனக்கு முன்னால் இருந்தவருடைய கடிதம் கண்ணில் பட்டது. நின்று படித்தேன். சந்தேகம் தீர, அவர் அனுப்பிய பழைய மெயில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். லெட்டர்பேட் இல்லாமல் ஒன்றுகூட இல்லை.

மூன்று மாதம் என் சோற்றைக் கெடுத்த முரளியை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை, வேறு நல்ல வேலை கிடைத்துத் தானாகவே போயிருக்கிறார். அந்த ராஜினாமாவையும் எங்கள் கம்பெனி லெட்டர்பேடிலேயே அடித்து, மறக்காமல் பேனாவால் 2 போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.