ஒரு மெசேஜுக்கு இரண்டு வீடு

நஸீர் நானா இறந்துபோன செய்தி எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ராசம்மா. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், லயத்து வரிசை வீடொன்றில் இருப்பவர். போன் சரியாகச் சார்ஜ் ஏறவில்லை, நானாவிடம் காட்ட வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

"எந்த நானாகிட்ட?" என்றார்.

"நம்ம நஸீர் நானாதான்."

"என்னாங்க சேர் இது! அவரு மௌத்தாகி இன்னியோட பதினோரு நாளாச்சு. எங்க லயத்துலருந்தே ஆறு பேரு போனோம். நீங்க வராததப் பாத்துட்டு, சேருக்கு மேலுக்கு முடியல போலன்னு நெனச்சோம்."

எனக்கு மேலுக்கு ஒன்றுமில்லை. தெரியாது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம், சனிக்கிழமை காலையில் முடிந்துவிட்டதாம், பின்னேரமே அடக்கம் செய்துவிட்டார்களாம். நாட்களை எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் என் கண்ணாடி எங்கேயோ தவறிப்போயிருந்தது. கீறல் விழுந்த பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் போனைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். சலுகை, பரிசு, புதிய பெக்கேஜ் என்று ஒரு நாளைக்குப் பத்து மெசேஜ் வருகின்றன. எல்லாவற்றையும் தெரிவுசெய்து அழித்தேன். விரல் அழுத்தும் அந்தக் கணத்தில், பட்டியலின் மேலே 'நஸீர் நானா' என்ற பெயரைப் பார்த்தேன். திறப்பதற்குள் போய்விட்டது. அடுத்த வாரம் டவுனுக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அனுப்பியிருக்க வேண்டும். என்னை வரச் சொல்லிக் கேட்டிருந்தாரா? அழைத்தும் நான் போகாமல் இருந்துவிட்டேனா? பஸ் நின்றும் இந்தக் கேள்வி என்னுடன் இறங்கி வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய கடையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய போன் திருத்தும் கடை. 'நாளைக்கு' என்று அவர் சொன்னால் அடுத்த வாரம் என்று பொருள். இதற்காக அவருடன் சண்டை பிடிக்காதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அழிந்த மெசேஜை மீட்க வேண்டுமென்றால் நுவரெலியாவிலிருந்துகூட அவரிடம்தான் அனுப்பினார்கள்.

அவருடன் எனக்கு நெருக்கம் ஏற்பட்டது ராசம்மாவால்தான். ஒருமுறை கங்காணி, மூன்று நாளைக்கு மலையில் வேலை இல்லை என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார். ராசம்மா வீட்டில் இருந்துவிட்டார். நான்காம் நாள் காலை பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனால், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதாக எச்சரிக்கைக் கடிதம் காத்திருந்தது. அது அவருக்கு இரண்டாவது கடிதம். மூன்றாவதுக்கு இடமில்லை, பெயரை வெட்டிவிடுவார்கள். "நா அப்படி மெசேஜே போடல" என்று கங்காணி சொல்லிவிட்டார். காட்டலாம் என்று பார்த்தால், போன் நிரம்பிவிட்டதென்று ராசம்மா எல்லாவற்றையும் அழித்திருந்தார். முறைப்பாடு எழுதித் தரக் கேட்டு, வாத்தியார் என்று என்னிடம் வந்தவரை நான் நானாவிடம் கூட்டிப் போனேன்.

நானா முதலில் கேட்டது ஒரே கேள்வி. "அழிஞ்சதுக்குப் பொறகு போன்ல என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலீங்க. பேத்தியத்தான் படம் புடிச்சேன்."

"எத்தின படம்?"

"ஒரு எரநூறு இருக்குங்க."

நானா தலையில் கைவைத்துக்கொண்டார். ராசம்மாவுக்கு விளங்கவில்லை. நான் குறுக்கிட்டு, பிள்ளைகளின் பெயர் கூப்பிடும் பள்ளிக்கூட இடாப்பை உதாரணமாகச் சொன்னேன். இடாப்பில் பெயரை வெட்டியதும் பிள்ளை வகுப்பை விட்டு எழுந்து போய்விடுவதில்லை. வாங்கில் உட்கார்ந்துதான் இருக்கும். கூப்பிடுவதற்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான். புதுப் பிள்ளை ஒன்று வந்து அதே இடத்தில் உட்கார்ந்தால்தான் பழைய பிள்ளை வெளியே போகும். போனும் அப்படித்தான். அழித்த மெசேஜ் கொஞ்ச நாள் உள்ளே இருக்கும். நாம் படம் பிடிக்கப் பிடிக்க, புதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

"அட, இது நல்லாயிக்கே!" என்றார் நானா. அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் 'சேர்ட இடாப்புக் கத' என்று சொல்லத் தொடங்கினார். கூடவே தன் பங்குக்கு, "அழிஞ்ச ஒடனே போன மூடிட்டு என்னத்தேடி வாங்க. வார வழியில கோல் எடுக்கவும் வேணாம், மழையப் படம் புடிக்கவும் வேணாம்" என்று சேர்த்துக்கொள்வார்.

ராசம்மாவின் போனில் ஒரு நாள் முழுக்கத் தேடினார். இல்லை. அவர் 'இல்லை' என்றால் இல்லைதான். ஒரு பட்டனை அழுத்தினால் போனதெல்லாம் திரும்பி வரும் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களிடம், "அப்பிடி ஒரு பட்டன் இருந்தா நான் போன் திருத்திட்டு ஈப்பனா? அந்தப் பட்டனயே வித்துட்டு ஈப்பனே" என்பார். ஆனால் ராசம்மாவை அப்படியே அனுப்பிவிடவில்லை.

"அக்கா, அந்த மெசேஜ் ஒங்களுக்கு மட்டுமா வந்திச்சு?"

"இல்லீங்க, எங்க கூட்டத்துக்கே வந்துச்சு. எல்லாரும் அழிச்சுட்டாங்களாம். கங்காணிக்குப் பயம்."

"ஒருத்தரும் மிச்சமில்லையா?"

ராசம்மா யோசித்தார். "புஷ்பம் இருக்கா. ஆனா அவளுக்குத்தான் வாசிக்கவே தெரியாதே. வேல இல்லன்னு நான் சொல்லித்தான் அவளுக்கே தெரியும்."

"வாசிக்கத் தெரியாட்டி அழிக்கவும் தெரியாதே. கூட்டிட்டு வாங்க!"

புஷ்பத்தின் போனில் ஒரு வருடத்து மெசேஜ் திறக்கப்படாமல் கிடந்தது. கங்காணியுடையதும் இருந்தது. புஷ்பம் மட்டும் தயங்கினார். "அவரு போட்டதுங்க. அவரக் கேக்காம எப்படிக் காட்டுறது?" நானா அதற்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. "அனுப்புற வரைக்கும்தான் அது அவர்ட. வந்து சேர்ந்தா ஒங்கட. ஒரு மெசேஜுக்கு ரெண்டு வீடு, தங்கச்சி. ஒரு வீடு இடிஞ்சா மத்த வீட்டத் தட்டணும்." புஷ்பம் காட்டிய மெசேஜைப் பார்த்து, எச்சரிக்கைக் கடிதத்தைத் தோட்டத் துரை திரும்ப எடுத்துக்கொண்டார். ராசம்மா இன்னும் வேலையில் இருக்கிறார்.

அவர் மறுத்த வேலைகளும் உண்டு. ஒருநாள் நான் கடையில் இருக்கும்போது ஒருவர் பெண்ணின் போன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மனைவியுடையதாம், அழித்த மெசேஜ் எல்லாம் வேண்டுமாம்.

"போன்காரி எங்க?"

"வீட்ல. நான்தான் புருஷன்."

"கல்யாணம் முடிச்சது அவவ, போன இல்லயே. அவ வரட்டும், முன்னுக்கு இருக்கட்டும், எடுத்துத் தாறன்."

அந்த மனிதர் கத்தினார், கடையை மூட வைப்பேன் என்றார். "மூடுறதா இருந்தா கொஞ்சம் நில்லுங்க, டீ குடிச்சிட்டு நானே மூடுறன்" என்றார் நானா. போனுக்குச் சொந்தக்காரர் எதிரே இல்லாமல் அவர் எதையும் திறக்கவில்லை. மீட்டுக் கொடுக்கும்போதும் போனை உரியவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தெருவைப் பார்ப்பார். தேடும்போது உங்கள் கண்ணில் படாதா என்று ஒருமுறை கேட்டேன். "கண்ணுல படும் சேர். வாசிக்கிறது வேற" என்றார்.

பஸ்ஸில் செய்தி கேட்ட மறுநாள்தான் கடைக்குப் போனேன். அன்றே போயிருக்கலாம், கால் வரவில்லை. அவருடைய மகள் ரிஸ்னா இருந்தார். கடைசி இரண்டு வருடமாக வேலையில் பாதியை அவர்தான் செய்துவந்தார். முறையாகத் துக்கம் விசாரித்துவிட்டு, வெட்கத்துடன் விஷயத்தைச் சொன்னேன்.

"அழிச்சு எத்தின நாள் சேர்?"

"பதின்மூன்று."

"அதுக்குப் பொறகு பாவிச்சீங்களா?"

பாவித்திருந்தேன். பேசினேன், படம் எடுத்தேன், புதிதாக வந்த சலுகைகளையும் அழித்தேன்.

"இடாப்புக் கதயக் கண்டுபிடிச்சவரே இப்பிடிச் செஞ்சா?" என்றார். தகப்பனின் குரல்தான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேடினார். பிறகு நேராகச் சொன்னார்: "இல்ல சேர்."

மற்ற வீடு எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மேசை லாச்சியை இழுத்துத் திறந்து நானாவின் போனை எடுத்து மேசையில் வைத்தார், ஆனால் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். "வாப்பா போனதுக்குப் பொறகு நான் இதத் தொறக்கல. போன்காரர் முன்னுக்கு இல்லயே."

"வேண்டாம் மகள், விடுங்கள்" என்றேன்.

பிறகு அவரே சொன்னார். "வந்து சேர்ந்தா ஒங்கடன்னுதானே வாப்பா சொல்லுவாரு. அப்ப அந்த ஒண்டு சேர்ட."

போனைத் திறந்து, என் பெயரைத் தேடி, அதை மட்டும் எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பியது:

'சேர், கண்ணாடிய கடையில வச்சிட்டு போயிட்டீங்க. என்ட லாச்சியில பேப்பர்ல சுத்தி வச்சீக்கிறன். நாளைக்கு தாறன். அது வரைக்கும் போன்ல ஒண்டையும் அழிக்க வேணாம், கண்ணு தெரியாம முக்கியமான ஏதாவது போயிடும்.'

அவர் என்னை அழைக்கவில்லை. இதில் எனக்கு ஆறுதல் இருக்கிறது என்று சொன்னால் பொய்யாகும். அழைக்காவிட்டாலும் போயிருக்க வேண்டிய ஆள் நான்.

ரிஸ்னாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போன் இருந்த அதே லாச்சியின் உட்புறத்தில், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம் இருந்தது. மேலே அவருடைய கோணல் எழுத்தில் 'சேர்'. 'நாளைக்கு' என்று அவர் சொன்னால் அடுத்த வாரம் என்று முன்னே எழுதினேன். இந்த முறை இரண்டு வாரம் ஆகிவிட்டது.

அந்த மெசேஜை ரிஸ்னா எனக்கு மறுபடியும் அனுப்பித் தந்தார். இப்போது அது நானாவின் போனிலும் இருக்கிறது, என் போனிலும் இருக்கிறது. இதை எழுதுவது அவர் பேப்பரில் சுற்றி வைத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான். அவரிடமிருந்து என்னிடம் மிச்சமாக இருப்பவை இவை இரண்டும். சலுகை மெசேஜ்கள் போனில் நிரம்பிக் கிடக்கின்றன. நான் ஒன்றையும் அழிக்கவில்லை.