அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் பாசுரம்

ரத்தினவேல் மூன்று ஆண்டுகளில் நூறு பாசுரங்களை மனப்பாடம் செய்தார். அத்தனையையும் மோட்டார் சைக்கிளில் செய்தார்.

வேறு இடம் அவருக்கு வாய்க்கவில்லை. ஸ்ரீரங்கம் மேலூர் சாலையிலுள்ள அவர் வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்றில் அவருடைய மனைவி பிரேமலதாவின் தையல் இயந்திரம் காலை முதல் ஓடும். மற்றொன்றில் மாமியாரின் தொலைக்காட்சி அதற்குப் பின்னும் ஓடும். வேலை பார்க்கும் இடமோ துவாக்குடியில் கொதிகலன் உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை. அங்கே ஆறு லேத்துகள். இவ்விரண்டு பேரோசைகளுக்கும் நடுவே இருபத்துநான்கு கிலோமீட்டர் சாலை கிடந்தது. போக முக்கால் மணி, வர முக்கால் மணி. நாற்பத்தாறு வயதுக் குடும்பஸ்தருக்கு நாள்தோறும் ஒன்றரை மணி நேரத் தனிமை கிடைப்பதைப் பெருமாள் திருவருள் என்றே அவர் கொண்டார்.

முறை எளியது. காலையில் கிளம்புமுன் புத்தகத்தில் நான்கு அடிகளைப் பார்த்துக்கொள்வார். ஹெல்மெட்டை மாட்டுவார். வண்டி நெடுஞ்சாலையில் ஏறி மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் வாய் திறப்பார். முதல் பாசுரத்திலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய்க் கடைசியில் அந்த நான்கு அடிகளைச் சேர்ப்பார்; சில நாளில் அவையும் நெஞ்சில் பதிந்துவிடும். பொருள் முழுதும் விளங்கிற்று என்று சொல்வதற்கில்லை. சொல் ஒன்றும் சிந்தவில்லை என்று அவர் நம்பினார்.

நூறு முடிந்த பிறகு, புரட்டாசியில் ஒரு ஞாயிறு மாலை, கீழச் சித்திரை வீதி மண்டபத்தில் கூடும் பாராயணக் குழுவில் சேர்ந்தார். அவரையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் எதிரெதிராக இரு வரிசையில் அமர்ந்து, ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் பாசுரம் சொல்லும் குழு அது. முதல் பாசுரம் தொடங்கியது. ரத்தினவேல் வாய் திறந்தார். மண்டப விதானத்துப் புறாக்கள் ஒன்றாக எழுந்து போயின. எதிர்ப்புறத்துப் பூக்கடைக்காரர் எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்தார். இரண்டாம் பாசுரத்தில் மற்றப் பதினேழு பேரும் நிறுத்திவிட்டதை மூன்றாம் பாசுரத்தில்தான் ரத்தினவேல் கவனித்தார்.

குழுவை நடத்துபவர் ரெங்கம்மாள். வயது ஐம்பத்திரண்டு, தபால் நிலையக் கவுன்ட்டரில் வேலை. இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கண்ணாடித் துளை வழியே பேசியவராதலால், வேண்டிய அளவுக்கு மேல் ஒரு நூலிழையும் குரலைச் செலவழிக்க மாட்டார்.

"ரத்தினவேல், நன்னா பாடம் பண்ணியிருக்கேள். சந்தோஷம். ஆனா இது கோஷ்டி. இங்க யார் குரலும் தனியாத் தெரியப்படாது."

"நான் சாதாரணமாத்தான் சொன்னேன் மாமி."

"அதான் எனக்குக் கவலையா இருக்கு."

வரிசையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ரெங்கம்மாள் சிரிக்கவில்லை. மார்கழி முதல் நாள் விடியலில் குழு வீதியில் அமர்ந்து பாராயணம் செய்வது வழக்கம். கார்த்திகை கடைசி ஞாயிறன்று ரத்தினவேலைத் தனியாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பதாகவும், குரல் சேர்ந்தால் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

"சேரலேன்னா?"

"வாங்கோ, உக்காருங்கோ, மனசுக்குள்ள ஸேவிங்கோ. பெருமாளுக்கு அதுவும் கேக்கும்."

பெருமாளுக்குக் கேட்கும் என்பதில் ரத்தினவேலுக்கு ஐயமில்லை. ஆனால் நூறு பாசுரம் கற்றது மனத்துக்குள் சொல்வதற்கன்று. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தவர் அவர். யாரும் பணிக்காமல், யாரும் கூலி கொடுக்காமல், தாமாக விரும்பிக் கற்றது வாழ்நாளில் இது ஒன்றே. அதைத் திருவீதியில், பத்துப் பேரோடு அமர்ந்து, வாய் திறந்து சொல்ல வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். பிரேமலதா தையலை நிறுத்தவில்லை.

"வண்டியில நீங்க கத்துறது உங்களுக்குத் தெரியாதா?"

"கத்துறேனா?"

"பின்னாடி உக்காந்தா எனக்குக் காது அடைக்குது. சிக்னல்ல நின்னாத்தான் கொஞ்சம் இறங்குது. போன மாசம் பால்பண்ணைகிட்ட ஒரு லாரிக்காரர் ஒதுங்கி வழி விட்டாரே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"ஏன் சொல்லல?"

"சாமி பாட்டு. நிறுத்தச் சொன்னா பாவம்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் ரத்தினவேலுக்கு விளங்கியது. மூன்று ஆண்டுகளாக ஹெல்மெட்டுக்குள் காற்று இரைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே கேட்க வேண்டுமென்று அவர் குரலில் உயர்ந்தார். வேகம் கூடக் கூடக் காற்றும் உயர்ந்தது, அவரும் உயர்ந்தார். நூறு பாசுரங்களும் அந்த உயரத்திலேயே உறைந்துவிட்டன. இறக்கிச் சொல்ல முயன்றால் அடுத்த அடி வருவதில்லை.

மறுநாள் வேலை முடிந்து தென்னூர் சென்றார். அங்கே கியாசுதீன் என்பவர் ஹெல்மெட் கடை வைத்திருந்தார். ஷார்ஜாவில் பதினோரு ஆண்டுகள் பைக்கில் பார்சல் கொண்டுசேர்த்த அனுபவத்தில் வைத்த கடை.

"சத்தம் போடாத ஹெல்மெட் ஒண்ணு வேணும் பாய்."

"எந்த ஹெல்மெட்டும் சத்தம் போடாதுங்கண்ணே. காத்துதான் போடும். அது எந்த வழியா உள்ள வருதுன்னு பாக்கணும். பழச குடுங்க."

வாங்கிப் பார்த்தார். தலையில் மாட்டி, நெற்றியைப் பிடித்து ஆட்டினார். ஹெல்மெட் திரும்பியது, ரத்தினவேல் திரும்பவில்லை.

"ரெண்டு சைஸ் பெருசு. இதுக்குள்ள நீங்க குடியிருக்கலாம்."

டேப்பால் தலையை அளந்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழு முக ஹெல்மெட்டுகள் நான்கை எடுத்து வைத்தார். எடை கூடியதெல்லாம் ஓசை குறைந்ததாகாது என்றார். மேலே கொம்பும் துடுப்பும் இல்லாத வழவழப்பான உருண்டை, இடைவெளியின்றி மூடும் முகக் கண்ணாடி, மூடித் திறக்கக்கூடிய காற்றுத் துளைகள், தாடைக்குக் கீழே கழுத்தை அணைக்கும் துணி மடிப்பு, கன்னத்தை இறுக்கும் பஞ்சு. இவற்றைப் பார்த்து வாங்க வேண்டும் என்றார். ரத்தினவேல் முதல் ஹெல்மெட்டை மாட்டி, முகக் கண்ணாடியை இறக்கி, உள்ளே ஒரு பாசுரம் சொன்னார். கன்னப் பஞ்சு இரு புறமும் நெருக்கியதில் உதடு குவிந்து, சொற்கள் யாவும் ஒரே எழுத்தாக வெளிவந்தன.

"உள்ள யார்கிட்டண்ணே பேசுறீங்க?"

ரத்தினவேல் கண்ணாடியை உயர்த்தி முழு விவரமும் சொன்னார். கியாசுதீன் வியக்கவில்லை.

"அப்ப வாய் அசையணும். காத்து வரக்கூடாது. நல்லா கேட்டீங்க போங்க." ஏணி மேலேறி வேறொன்றை எடுத்து வந்தார். "என் மக ஸஹ்ராவும் ஓதி மனப்பாடம் பண்றா. அவ உஸ்தாத் முதல் நாளே சொல்லிட்டாரு, உன் குரல் உன் காதுல விழுற மாதிரி ஓதும்மா, விழாம ஓதினா தப்பும் சேந்து மனப்பாடம் ஆயிரும்னு. உங்களுக்கு மூணு வருஷமா காதுல விழலையே?"

"தப்பு இருக்காது பாய்."

"இருக்காதுன்னே வச்சுக்குவோம்."

நான்காவதாக மாட்டிய ஹெல்மெட்டில் தாடை அசைந்தது. நெற்றியைப் பிடித்து ஆட்டியபோது ரத்தினவேலும் சேர்ந்து திரும்பினார். அதை வாங்கினார். நெடுஞ்சாலையில் இரைச்சல் கால்வாசி குறைந்தது. முக்கால்வாசி இருந்தது. மூன்றாம் நாள் மீண்டும் கடைக்குப் போனார்.

கியாசுதீன் இம்முறை வண்டியைப் பார்க்க வெளியே வந்தார். முன்விளக்கின் மேல் ஓர் அக்ரிலிக் கண்ணாடி நின்றது. காற்றைத் தடுப்பதற்காக ரத்தினவேல் பட்டறையில் தம் கையாலேயே வெட்டி, விளிம்பை வழித்து, நான்கு போல்ட் போட்டுப் பொருத்தியது.

"நேரா ஒரு ரோட்ல போகும்போது கொஞ்சம் நிமிந்து பாருங்க, அப்புறம் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. சத்தம் மாறிச்சுன்னா கோளாறு ஹெல்மெட்ல இல்ல, இதுல."

காட்டூர் தாண்டி ரத்தினவேல் முதுகை நிமிர்த்தினார். இரைச்சல் பாதியாயிற்று. பழைய நிலைக்கு இறங்கினார், திரும்ப வந்தது. அவர் செய்த கண்ணாடி மார்புக்கு வந்த காற்றைத் தடுத்து, சுழற்றி, சரியாகக் காதுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. லேத்தில் அரை மில்லிமீட்டர் பிசகாத கை அது, குறியும் பிசகவில்லை. அன்று மாலையே போல்ட் நான்கையும் கழற்றினார்.

மிச்சத்துக்குக் கியாசுதீன் காதடைப்பான் சொன்னார். விரலால் உருட்டிக் காதில் வைத்தால் விரிந்து அடைக்கும் மஞ்சள் பஞ்சு. பட்டறையில் மாதம் ஒரு பெட்டி கொடுத்து வந்தார்கள், ஒருவரும் வைப்பதில்லை. ஹாரன் கேட்காதோ என்று அஞ்சி ஐப்பசி முழுதும் தள்ளிப்போட்டு, ஒரு ஞாயிறு காலை வெறிச்சோடிய சாலையில் மெதுவாகப் போய்ப் பார்த்தார். ஹாரன் கேட்டது. காற்று எங்கோ அடுத்த தெருவில் வீசுவது போலிருந்தது. வேகத்தைக் கூட்டி, முதல் பாசுரத்தைத் தொடங்கினார்.

காது அடைபட்டதால் அவர் குரல் அவருடைய மண்டைக்குள்ளேயே முழங்கியது. திடுக்கிட்டு நிறுத்தினார். குரலை இறக்கினார், இன்னும் இறக்கினார். பேசும் அளவுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக நின்றது. மூன்று ஆண்டுகளில் அன்றுதான் ரத்தினவேல் தாம் சொல்வதைக் கேட்டார்.

கேட்டது மகிழ்ச்சி தரவில்லை. சஞ்சீவி நகர் சிக்னல் வரும் இடத்தில், சொல்லை இரண்டாக வெட்டி மூச்சு விட்டார். திருவெறும்பூர் மேம்பாலம் ஏறும் இடத்தில் ஒரு நெடில் பாலம் இறங்கும் வரை நீண்டது. வேகத்தடைகள் மூன்றில் மூன்று ஒற்றெழுத்துகள் இரட்டித்தன. சிக்னல் பச்சையாக இருந்தபோதும் அவர் வாய் அங்கே நின்றது. வீட்டுக்கு வந்து புத்தகத்தை வைத்து எண்ணினார். அவர் அறிந்தவை தொண்ணூற்றெட்டு. எஞ்சிய இரண்டும் அரியமங்கலத்துக் குப்பைக் கிடங்கைக் கடக்கும்போது வர வேண்டியவை. புகைக்கு அஞ்சி அங்கே நாள்தோறும் வாயை மூடிக்கொள்வார். வாய் மூடியிருந்த நேரத்தில் அவற்றைச் சொல்லிவிட்டதாகவே எண்ணி வந்திருக்கிறார்.

கார்த்திகை கடைசி ஞாயிறுக்கு நான்கு வாரம் இருந்தது.

ஓடும் வண்டியில் படிந்த பிழையை ஓடும் வண்டியில் களைய முடியவில்லை. சாலை திரும்பத் திரும்பப் பழையபடியே சொல்லிக் கொடுத்தது. எனவே பட்டறையில் மதிய இடைவேளையில், நிறுத்துமிடத்தில், நிற்கும் வண்டி மீது ஹெல்மெட்டுடன் அமர்ந்து பாடம் செய்தார். ஹெல்மெட் இல்லாமல் முதல் சொல்லே வரவில்லை. மேற்பார்வையாளர் அற்புதசாமி இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்.

"என்ன ரத்தினம், வண்டி ஸ்டார்ட் ஆகலியா?"

"ஆகும் சார்."

"அப்புறம் ஏன் உக்காந்திருக்க?"

"ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு."

அற்புதசாமி சக்கரத்தைப் பார்த்தார். "சரி. சைரன் அடிக்கறதுக்குள்ள வந்து சேந்துரு" என்று போய்விட்டார்.

மூன்றாம் வாரம் ஹெல்மெட்டைக் கழற்ற முடிந்தது. நான்காம் வாரம் வண்டியிலிருந்து இறங்க முடிந்தது. விடுபட்ட இரண்டும் நெஞ்சில் ஏறின. சிக்னலும் பாலமும் சொற்களை விட்டு நீங்கின.

கார்த்திகை கடைசி ஞாயிறன்று ரெங்கம்மாள் எதிரே அமர்ந்து, பத்துப் பாசுரங்கள் சொன்னார். புறாக்கள் இருந்த இடத்தில் இருந்தன. ரெங்கம்மாள் கண்ணை மூடிக் கேட்டார், ஐந்தாவதில் திறந்தார். ரத்தினவேலின் இரு கைகளும் முன்னே நீண்டு, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தன. அடி உயரும் இடங்களில் வலது மணிக்கட்டு முறுக்கியது.

"கையை மடில வெச்சுக்கோங்கோ."

வைத்தார். பாசுரம் நின்றது. மீண்டும் தொடங்கினார்; மூன்றாம் சொல்லில் நின்றது. ரத்தினவேல் பக்கத்தில் வைத்திருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழப் போனார்.

"அப்ப மனசுக்குள்ளயே சொல்லிக்கறேன் மாமி."

"நான் சொன்னேனா? குரல் சரியா இருக்கு. மார்கழி, விடியக்காலம். குளிரும். ஒரு போர்வை கொண்டு வாங்கோ. அதுக்குள்ள கை என்ன பண்றதுன்னு பெருமாள் கேக்கப் போறதில்லே."

மார்கழி முதல் நாள், கீழச் சித்திரை வீதியில் கோலங்களுக்கு நடுவே குழு அமர்ந்தது. இரண்டாம் வரிசையில், பழுப்பு நிறப் போர்வைக்குள் ரத்தினவேல். பாராயணம் ஒரு மணி நேரம் நடந்தது. பதினெட்டுக் குரல்களும் ஒரு குரலாகச் சென்றன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் எழுந்து வரவில்லை.

முடிந்ததும் பிரேமலதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இந்தப் பக்கமும் நின்னு பாத்தேன், அந்தப் பக்கமும் நின்னு பாத்தேன். நீங்க சொன்னீங்களா, இல்ல சும்மா உக்காந்திருந்தீங்களா?"

"சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்."

"உங்க குரல் கேக்கவே இல்லையே."

ரத்தினவேல் போர்வையை மடித்தார். மடித்து முடித்துவிட்டு, "என்ன சொன்ன?" என்றார்.

"உங்க குரல் எனக்குக் கேக்கவே இல்லைன்னு சொன்னேன்."

"மாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு" என்றார் ரத்தினவேல்.