கண்டியிலிருந்து கல்முனைக்கு, கறுப்புப் புகையோடு

பழைய ஜப்பான் காரில் மகியங்கனை வழியாகக் கல்முனைக்குப் போகலாமா என்று கேட்டு எழுதுகிறீர்கள். போகலாம். நானும் போயிருக்கிறேன், எண்பதுகளின் தொடக்கத்தில்.

அப்போது கண்டியில் ஒரு புடைவைக் கடையில் வேலை. காலை ஏழு மணிக்குக் கல்முனையில் என் வீட்டிலிருந்து கடைக்கு டெலிபோன் வந்தது. வாப்பா, என் தகப்பன், மௌத்து; பிற்பகல் அஸர் தொழுகையோடு அடக்கம். எங்கள் பக்கம் உடலை, ஜனாஸாவை, வைத்துக்கொண்டு ஆளுக்காகக் காத்திருப்பதில்லை. முதலாளி ஒன்றும் யோசிக்கவில்லை, தன் கார்ச் சாவியை என் கையில் திணித்தார். ஜப்பானில் ஓடிப் பழசாகிக் கப்பலில் வந்த கார். நூற்று முப்பது மைல், மிஞ்சிப்போனால் ஆறு மணித்தியாலம். நண்பகல் லுஹர் தொழுகையோடு வீட்டில் நிற்கலாம் என்றுதான் புறப்பட்டேன்.

பதினெட்டு வளைவும் நல்லபடி இறங்கியாயிற்று. மகியங்கனை தாண்டியதும் கார் விக்கத் தொடங்கியது. பின்னால் கறுப்புப் புகை. பெற்றோல் முள் கண்முன்னே இறங்கியது. பதியத்தலாவையில் மறுபடி நிரப்பினேன். மகாஓயா கழிந்து காட்டுக்குள் நின்றே விட்டது, சனியன். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. துடைத்துப் போட்டால் ஒரு மைல் ஓடும், திரும்ப நிற்கும். எயார் ஃபில்டரைப் பார்த்தேன், கறன்ட் வருகிறதா என்று பார்த்தேன், எல்லாம் சரி. யா அல்லாஹ், இன்றைக்கா இது என்று றோட்டில் குந்தி அழுதேன்.

அந்நேரம் கல்முனை பஸ் வந்து நின்றது. என்னோடு கடையில் நிற்கும் சாய்ந்தமருது றசீது அதில் இருந்தான். கடையைத் திறந்து ஒழுங்குபடுத்திவிட்டு ஜனாஸாவுக்கென்று எனக்குப் பின்னால் புறப்பட்டு வந்தவன்.

"ஏறு மச்சான். கார் கிடக்கட்டும்."

"முதலாளிட அமானிதம்டா. காட்டுக்குள்ள போட்டுட்டு எப்பிடி வாற? நீ போ, நான் வந்திருவன்."

நம்பி ஒப்படைத்த பொருளை நடுக்காட்டில் விட்டுப் போகலாமா? வாப்பா எனக்குச் சொல்லித் தந்ததே அதுதான். பஸ் போய்விட்டது.

பிறகு இன்னும் இரண்டு தடவை நின்றது. கடைசியில் ஆத்திரம் தாங்காமல், புகைக்குழாய்க்குள் போன ஒற்றை வயரைப் பிடுங்கி எறிந்தேன். ஸ்டார்ட் பண்ணினால், என்ஜின் பூப்போல ஓடுகிறது. புகையும் இல்லை.

அந்த வயரின் நுனியில் இருந்தது ஒட்சிசன் சென்சர். புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளந்து பெற்றோலைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் சாமான். அந்தக் காலத்தில் இங்கே ஈயம் கலந்த பெற்றோல்தான். ஈயம் பட்டால் சென்சர் செத்துவிடும். செத்த சென்சர் பெற்றோல் காணாது, இன்னும் வேண்டும் என்றே சொல்ல, என்ஜின் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

காரைதீவுச் சந்திக்கு வரும்போது அஸர் முடிந்து எவ்வளவோ நேரம். வீட்டு வாசலில் ராத்தா, என் அக்கா, நின்றா.

"பார்த்துப் பார்த்து இருந்தம் தம்பி. இதுக்கு மேல வெச்சி வாப்பாவ நோவிக்க ஏலாதெண்டுட்டாங்க."

எனக்கும் சேர்த்து மூன்று பிடி மண் போட்டதாக றசீது சொன்னான்.

பழைய காரில் போகிறவர்களுக்கு: கறுப்புப் புகை, கரி பிடித்த பிளக், பெற்றோல் தண்ணீராய்ப் போகுதல், இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சென்சர் வயரைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். கார் தேறினால் பழுது அங்கேதான், ஊருக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். மகாஓயாவுக்கும் அம்பாறைக்கும் இடையில் உதவி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பஸ் வந்தால் ஏறிவிடுங்கள்.

வாப்பாவுக்கு ஏழாம் நாள் கத்தம் ஓதி முடித்துக் காரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பஸ்ஸை விட்ட கதையையும் சொன்னேன். முதலாளி சாவியை வாங்கவில்லை, கண் கலங்கி என்னையே பார்த்தார்.

"தகரம்தானேடா அது. உட்டுட்டுப் போயிருக்கலாமே."