ரோட்டுக்குக் கீழே மாயவன் வீடு

“சார், எடது செருப்புல வாரு வுடப்போவுது. பஸ் ஏறும்போது கால வாரிடும், பாத்துக்குங்க.”

குரல் என் முழங்காலுக்குக் கீழேயிருந்து வரும். குனிந்து பார்த்தால் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மாயவனின் முகம், கையில் டீ டம்ளர். எழில் நகர் இரண்டாம் தெருவில் அவர் வீட்டு முன்னறை ஜன்னல் ரோட்டிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் பார்க்கும் உலகத்தில் யாருக்கும் முகம் கிடையாது, கால் மட்டும்தான். அது போதும் அவருக்கு. மெட்டியைப் பார்த்து ஆளைச் சொல்வார், பேண்ட் மடிப்பைப் பார்த்துச் சொல்வார். “கூரியர்காரரு ஷூ மாத்திட்டாரு, கம்பெனி மாறிட்டாரு போலருக்குது” என்பார். மறுநாள் விசாரித்தால் அதுதான் உண்மையாக இருக்கும்.

எழுபத்திரண்டு வயது. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல், ஒகேனக்கலிலிருந்து பென்னாகரம் வழியாகத் தருமபுரி என்று முப்பத்தோரு வருஷம் ஓடியவர். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷமாகியும் வீட்டுக்கு யாராவது வந்தால் “உள்ள வாங்க, உள்ள வாங்க, முன்னாடி எடம் இருக்குது” என்றுதான் கூப்பிடுவார். இன்னொரு வினோதம், மனிதருக்கு உட்கார்ந்து எழுத வராது. எழுந்து நின்று, அட்டையை இடது முழங்கைக்குள் செருகிக்கொண்டு, காலைக் கொஞ்சம் அகட்டிவைத்தால்தான் எழுத்து நேராக வரும். அந்த எழுத்தைப் பார்க்க வேண்டுமே! அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். ஆடுகிற பஸ்ஸில் பழகிய கை ஆடாத தரையில் அப்படி எழுதுகிறது.

எண்பத்தேழில் அவர் இங்கே மனை வாங்கியபோது இதற்கு எழில் நகர் என்று பெயர் இல்லை. முனியன் கொட்டாய். நிலத்தை விற்ற ராமக்காள் இன்னும் இருக்கிறார், மூன்றாம் தெருவில் மகள் வீட்டில். “அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?” என்று நான் ஒருநாள் ஆசையாகக் கேட்டேன். “என்னாத்த இருந்துச்சு? நெலக்கடல போட்டா எலிக்குத்தான் ஆவும். வூடு வெளைஞ்சதே பரவால்லிங்க” என்று வாயை அடைத்துவிட்டார்.

முதலில் வந்தது ஐந்தே குடும்பங்கள். சவுரியப்பன் என்ற தபால்காரர் வீடு உட்பட நான்கு வீடுகள் கைமாறி, இடிபட்டு, மாடியாக எழுந்துவிட்டன. மாயவன் வீடு மட்டும் அப்படியே நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதும் தப்பு, இறங்கிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு மண் தடத்திலிருந்து வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டுமாம். “மாயவன் மலமேல வூடு கட்டிக்கினான்னு கிண்டல் பண்ணுவானுங்க சார்” என்கிறார்.

அந்த மண் தடத்தில் மழை பெய்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் மாயவன் எழுத ஆரம்பித்தார். வார விடுப்பைத் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டார், கலெக்டர் ஆபீசில் அன்றைக்குத்தானே மனு வாங்குகிறார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா வணக்கம். ஒரு மனுவுக்கு நகல் இரண்டு, பதில் வராவிட்டால் நினைவூட்டு மூன்று. அலுவலகத்தில் அதிகாரிகள் மாறினார்கள், நாற்காலிகள் மாறின, மாயவன் மாறவில்லை. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாமே அந்தக் கையெழுத்தில் வந்தவைதான். நேற்று வந்த எங்களுக்கெல்லாம் இது தானாக முளைத்தது என்று நினைப்பு.

ரோடும் வந்தது. முதலில் கிராவல் கொட்டி மேடாக்கி ஜல்லி போட்டார்கள். பிறகு அதன்மேல் தார். எட்டு வருஷம் கழித்து அந்தத் தார்மேல் இன்னொரு தார். குழாய் பதிக்கத் தோண்டியதை மூடி மறுபடியும் ஒரு தார். பழையதைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரோடு ஒவ்வொரு தடவை ஏறும்போதும் மாயவன் வீட்டில் ஒரு படி மண்ணுக்குள் போனது. ஏறுகிற படிகள் தீர்ந்ததும் இறங்குகிற படிகளைக் கட்டினார். இப்போது ரோட்டிலிருந்து வீட்டுக்கு மூன்று படி கீழே இறங்க வேண்டும். மழை வந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறார். மழை வராத நாளில் வண்டிக்கு வண்டி புழுதி நேராகக் கூடத்துக்கே வந்து இறங்குகிறது.

“ரோடு கேட்டு எழுதுனது நானு. வேற யாரைப் போயி வையறது?” என்பார். சிரிக்கமாட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பக்கத்து வீடு என்னுடையது. கட்டும்போது மேஸ்திரி “ரோடு ஏறும் சார், நாலடி தூக்கிடலாம்” என்றார், தூக்கிவிட்டேன். என் வாசல் தண்ணீர் வழிந்து எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை, மேஸ்திரியும் சொல்லவில்லை. முதல் மழையில் தெரிந்துபோயிற்று. முறத்தால் தண்ணீரை வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்த மாயவன், நான் எட்டிப் பார்த்ததும் “குளிச்சிட்டீங்களா சார்?” என்று கேட்டார். பாவி மனுஷன், நாலு வசவு வைதிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மழைகூட அவருக்குப் பெரிய கவலை இல்லை. கவலை மனைவி ராணியம்மாளின் முழங்கால். ஆற்றுத் தண்ணீர் வருவதற்குமுன் இருபது வருஷம் இந்தப் பக்கத்து ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்த கால்கள், மடங்குவதில்லை. தினமும் மாலை ஐந்து மணிக்கு அந்த அம்மாள் வெளியே வருவார். ஒரு கை சுவரில், ஒரு கை முழங்காலில், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு மூன்று படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு “அப்பாடி”. மேலே வந்ததும் எதிர்வீட்டு ஐஸ்வர்யா பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போடுவாள். ஏழு மணிவரை தெருவே அவர் வீடு. கீரை பேரம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளிடம் விசாரணை, ஐஸ்வர்யாவிடம் கதை. பிறகு அதே மூன்று படி, அதே அப்பாடி.

இன்னொரு படி கூடினால் ஏறமுடியாது என்று டாக்டர் சொல்லவில்லை, ராணியம்மாளே சொல்லிவிட்டார். ஓசூரில் இருக்கும் மகன் அருண்குமார் வாராவாரம் போனில் கூப்பிடுகிறான், அபார்ட்மெண்டில் லிப்ட் இருக்கிறதாம். “லிப்டுல ஏறி எறங்கி யாரப் பாக்கறது?” என்று இந்த அம்மாள் கேட்பார். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கலாமா என்று ஆளைக் கூட்டிவந்தும் பார்த்தார்கள். “செம்மண் சேத்துல கட்டுன செவுருங்க, தூக்குனா உதுந்துடும்” என்று அவன் அப்படியே திரும்பிவிட்டான்.

இந்த வருஷம் சிமெண்ட் ரோடு வருகிறது என்று பேச்சு வந்தபோது மாயவன் சித்திரையிலேயே எழுந்து நின்று ஒரு மனு எழுதினார். பழைய ரோட்டைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிய ரோடு போடுமாறு தாழ்மையுடன். வாழ்க்கையில் அவர் தனக்காக எழுதிய முதல் மனு அதுதான். அதற்குப் பதிலும் வந்துவிட்டது: ஆட்சேபனை வந்திருப்பதால் பணி நிறுத்திவைக்கப்படுகிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ரோடெல்லாம் குழி, குழியெல்லாம் தண்ணீர். ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த ஐஸ்வர்யா தன் வாசலுக்கு முன்னாலேயே ஸ்கூட்டரோடு விழுந்தாள். ஆட்டோ உள்ளே வர மறுத்ததால் தெருமுனைவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை. ஆனால் பிரசவம்வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் அவளைத் தூக்கிப்போன அந்த நாற்காலியைத்தான் அவள் தினமும் ராணியம்மாளுக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை யாருடைய மனுவால் நிற்கிறது என்று தெருவுக்குத் தெரிய இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் மாயவன் வீட்டுக்குப் போனோம். ஆமாம், நானும் போனேன். செல்போன் கடை வைத்திருக்கும் கலைவாணன்தான் முன்னால் நின்றான். கெட்டவன் இல்லை, ஐஸ்வர்யாவைத் தூக்கிய நான்கு பேரில் அவனும் ஒருவன். யாருமே படியிறங்கவில்லை. ரோட்டில் நின்றபடியே பேசினோம், அவர் கீழே வாசலில் நின்று அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க. சொரண்டிட்டுப் போடணும்னா எஸ்டிமேட்டே புதுசா போடணுமாம். ரெண்டு வருஷம் ஆனாலும் ஆவுமாம். இருக்கற மாதிரியே போட்டா தையிலயே முடிச்சிருவாங்க. ஆட்சேபன இல்லன்னு தெரு சார்பா ஒரு மனு வேணுங்க.”

“நீங்களே எழுதிக் குடுங்களேன்.”

“உங்க கையெழுத்துல போனாத்தாங்க அங்க எடுப்பாங்க. ஆட்சேபன உங்க பேர்லதான இருக்குது.”

சொல்லி முடித்ததும் கலைவாணன் தரையைப் பார்த்தான். எங்கள் யார் முகத்திலும் ஈயாடவில்லை. மாயவன் எங்கள் கால்களை வரிசையாக ஒருமுறை பார்த்தார். பழக்கம்.

“முப்பது வருஷம் ரோடு குடு, ரோடு குடுன்னு எழுதுனேன் சார்,” கலைவாணனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். “கடசில ரோட்ட நிறுத்துனவன்னு பேராயிடுச்சு. ஓஞ்சிபோச்சுங்க. அந்தப் பொண்ணு வுழுந்த சத்தம் எனக்குத்தான் மொதல்ல கேட்டுச்சு. ஜன்னல்ல அது மொகம் தெரிஞ்சிச்சு. அதுக்கு முன்னாடி யாரு மொகமும் அங்க தெரிஞ்சதில்ல.”

உள்ளே போனார். அட்டையும் வெள்ளைத்தாளும் பேனாவுமாக வந்தார். வாசலில் நின்று, காலை அகட்டிவைத்து, எழுதினார். ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. சித்திரை மாதம் தான் கொடுத்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், தற்போதைய மதிப்பீட்டின்படியே பணியை உடனே தொடங்குமாறும் தெருவாசிகள் சார்பாக. கீழே கையெழுத்துப் போட்டார். மழை லேசாகத் தூறியது, யாரும் நகரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்ததா என்றால், வரவில்லை. ரோடு எனக்கும்தான் வேண்டும்.

ராணியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தார். மாயவன் திரும்பி, முழு மனுவையும் அவருக்குப் படித்துக் காட்டினார், பொருள் முதல் தேதிவரை. அந்த அம்மாள் கடைசிவரை கேட்டார்.

“போட்டா எத்தன படி ஆவுங்க?”

மாயவன் வலது கையைத் தூக்கி நான்கு விரலைக் காட்டினார். ரோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டைவிரலையும் விரித்தார்.

ராணியம்மாள் அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். பிறகு, கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினார்.