வெள்ளிக்கிழமை அழியும் எண்கள்

பெங்களூர் ஆபீசில் கலைவாணி ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினில் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை எழுதினாள். பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ்ஸின் வேலை. மெஷினை ரீஸ்டார்ட் செய்து பார்த்தாள், எழுதியதைக் காணோம்.

"இங்கயும் வெள்ளிக்கிழமையா?" என்று எரிச்சலோடு சிரித்தாள்.

தொண்ணூற்றேழில் திருப்பதி பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த எஸ்டிடி பூத்தில், பெயருக்கு எண் தேடித் தரும் அந்த வேலையைச் செய்தவள் அவள்தான். "தடா ஊர்ல இருக்குற லாரி ஆபீசுக்குப் போடும்மா" என்பார்கள். எண் ஒருத்தருக்கும் தெரியாது. அவள் சிலேட்டில் எழுதி வைப்பாள். முதலாளியோ வெள்ளிக்கு வெள்ளி அதைத் துடைத்து மஞ்சள் குங்குமம் வைத்துவிடுவார். "பூஜை பண்ண என் சிலேட்டுதான் கெடச்சுதா?" என்று சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில் அவர் துணி எட்டாத அலமாரிக் கதவின் உட்பக்கம் எழுதினாள்.

இங்கேயும் அதையே செய்தாள். ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் துடைபடும் ஃபைலை விட்டுவிட்டு நெட்வொர்க் செட்டிங்கிலேயே எழுதினாள். இந்த முறை முகவரி அழியாமல் நின்றது.

அவள் எங்கேயும் எழுதி வைக்காத எண் ஒன்று உண்டு. அவள் ஊரான பாலசமுத்திரத்து மளிகைக் கடை எண். அப்போதெல்லாம் ஞாயிறு பத்து மணிக்கு அவள் அப்பா, அவளுடைய நைனா, அவள் போனுக்காக அங்கே வந்து காத்துக்கினு இருப்பார்.

அது இன்னும் அழியவில்லை. போட்டால் எடுக்கத்தான் நைனா இல்லை.